பல மனங்களை ஆண்ட தலைவர்: சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபீ

தலைமை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது, குதிரைமேல் அமர்ந்து வாளை உயர்த்தி நிற்கும் ஓர் உருவமாகும். ஆயினும், பத்துப் பேர் கூடி ஒரு செயலைச் செய்ய முற்பட்டவர் எவரும், தலைமையின் அருமை வாளில் இல்லை என்பதை விரைவிலேயே உணர்ந்து கொள்வர். துறை விழாவொன்றிற்கு மாணவராகிய நாம் குழு அமைக்கிறோம் என்று கொள்வோம். எதற்கும் முந்திக்கொண்டு பேசுபவர் அதில் ஒருவர் இருப்பார். கூட்டத்தில் வாய் திறவாதிருந்து, வெளியே வந்த பின் குறை கூறுபவர் ஒருவர் இருப்பார். ஏற்ற பணியை ஓசையின்றி முடித்துப் பெயரை நாடாது செல்பவர் ஒருவர் இருப்பார். தம்மை முதலில் கேட்கவில்லை என்பதற்காகவே விலகி நிற்பவரும் இருப்பார். இவருள் எவரையும் நாம் ஒதுக்கிவிட இயலாது. விழா நடைபெற அனைவரும் வேண்டும். பந்தல் இடுவதும் அழைப்பிதழ் அச்சிடுவதும் எளிய பணிகள். இம்மனங்களை ஒன்றோடொன்று பொருத்துவதே அரிய பணி.

மக்களைக் கூட்டமாகப் பிணைக்கும் ஆற்றல் யாது என ஆராய்ந்த பேரறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) ஆவார். அவர் தம் ‘முகத்திமா’வில் அவ்வாற்றலை ‘அஸபிய்யா’ எனப் பெயரிட்டு விளக்கினார். குருதி உறவாலும் ஒன்றிய வாழ்வாலும் தோன்றும் அவ்வுணர்வே அரசுகளை எழுப்புகிறது. அது தளரும்போது அரசுகள் சாய்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. அவருக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபீக்கோ ஒரே இனத்தின் பிணைப்பு மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. குர்தியர், துருக்கியர், அரபியர், எகிப்தியர் எனப் பலரையும் அவர் ஒரு கொடியின் கீழ் நிறுத்த வேண்டியிருந்தது. அவர் வென்ற போர்களைப் பலரும் எழுதியுள்ளனர். அவர் மனிதர்களோடு பழகிய வகையை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

இரு சகோதரர்களின் நிழலில்

இன்றைய இராக்கில், டைகிரிஸ் ஆற்றங்கரையில் உள்ள திக்ரீத் என்னும் ஊரில், கி.பி. 1137 அல்லது 1138-இல் யூஸுஃப் என்னும் இயற்பெயருடன் ஸலாஹுத்தீன் பிறந்தார். அவருடைய குடும்பம் குர்திய இனத்தைச் சார்ந்தது. தந்தையார் நஜ்முத்தீன் அய்யூப் அக்கோட்டையின் ஆளுநராக இருந்தார். தந்தையின் தம்பியார் அஸதுத்தீன் ஷிர்கூஹ். இவ்விரு சகோதரரும் குணத்தால் இரு துருவங்கள். அய்யூப் பொறுமையாளர், சொல்லை அளந்து பேசுபவர், எதிரியையும் பேச்சால் வழிக்குக் கொண்டுவரும் ஆற்றல் உடையவர். ஷிர்கூஹோ உள்ளத்தில் எழுந்ததை அக்கணமே செய்து முடிக்கும் வேகம் உடைய வீரர். அவர் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டதன் விளைவாகவே அக்குடும்பம் திக்ரீத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. குழந்தை பிறந்த அதே இரவில்தான் அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டனர் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர்.

மோசுல் அரசர் ஸன்கீ அவர்களுக்குப் புகலிடம் அளித்தார். அய்யூப் பின்னர் பஅல்பக் நகரின் ஆளுநரானார். அதன்பின் டமாஸ்கஸில் வாழ்ந்தார். ஷிர்கூஹ், ஸன்கீயின் மைந்தர் நூருத்தீனின் படைத்தலைவரானார். 1154-இல் நூருத்தீன் டமாஸ்கஸை முற்றுகையிட்டபோது, தம்பி கோட்டைக்கு வெளியிலும் அண்ணன் உள்ளேயும் இருந்தனர். வெளியே இருந்தவரின் வீரமும் உள்ளே இருந்தவரின் நாவன்மையும் சேர்ந்தே அந்நகரைப் பெரும் குருதிப்பெருக்கின்றி நூருத்தீனிடம் சேர்த்தன. வேகமும் நிதானமும் ஒன்றையொன்று அழிக்க வேண்டுவதில்லை, ஒன்றுக்கொன்று துணையாகலாம் என்னும் பாடத்தை இளம் ஸலாஹுத்தீன் ஏட்டில் கற்கவில்லை. தம் வீட்டு முற்றத்திலேயே கண்டார்.

விரும்பாது ஏற்ற பொறுப்பு

இளமையில் ஸலாஹுத்தீனிடம் பெருந்தலைவர்க்குரிய அடையாளம் எதனையும் பிறர் கண்டதில்லை. மார்க்கக் கல்வியிலும், குதிரைமேலிருந்து ஆடும் பந்தாட்டத்திலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. எகிப்தில் ஆதிக்கம் பெற நூருத்தீன் அனுப்பிய படைகளோடு ஷிர்கூஹ் மும்முறை சென்றார். 1167-இல் அலெக்சாந்திரியாவைக் காக்கும் பொறுப்பு ஸலாஹுத்தீனிடம் விடப்பட்டது. முற்றுகைக்குள் பட்ட துன்பம் அவர் மனத்தில் ஆழப் பதிந்தது. எனவே, மூன்றாம் பயணத்திற்கு அழைக்கப்பட்டபோது அவர் மனமொப்பிச் செல்லவில்லை. ஆணைக்குப் பணிந்தே சென்றார்.

அப்பயணமே அவர் வாழ்வை மாற்றியது. 1169-இல் எகிப்தின் வஸீராகப் பொறுப்பேற்ற ஷிர்கூஹ் இரண்டே திங்களில் இறந்தார். ஃபாத்திமிய கலீஃபா அல்-ஆளித், அப்பதவியை ஸலாஹுத்தீனுக்கு அளித்தார். இவர் இளையவர், பின்பலம் குறைந்தவர், எளிதில் ஆட்டி வைக்கலாம் என்று அரண்மனையார் கருதியதே அதற்குக் காரணம். மூத்த அமீர்கள் பலர் அப்பதவியைத் தமக்குரியதாக எண்ணியிருந்தனர். தம்மைவிட வயதில் குறைந்த ஒருவரின் கீழ்ப் பணிபுரிவதா என்ற மனக்குறை அவர்களிடம் எழுந்தது.

இந்நிலையில் ஈஸா அல்-ஹக்காரீ என்னும் மார்க்க அறிஞர் ஆற்றிய பணி நம் கருத்திற்கு உரியது. அவர் அமீர்களை ஒன்றாகக் கூட்டி உரை நிகழ்த்தவில்லை. ஒவ்வொருவர் கூடாரத்திற்கும் தனித்தனியே சென்றார். ஒருவரிடம் உறவைச் சொன்னார். மற்றொருவரிடம் இனத்தைச் சொன்னார். வேறொருவரிடம் அப்பதவி அவருக்கு எவ்வாற்றானும் கிட்டாது என்பதை எடுத்துரைத்தார். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் இணங்கினர். இணங்காத அமீர் ஐனுத் தவ்லா அல்-யாரூகீ, படையிலிருந்து விலகிச் சிரியாவுக்குத் திரும்பினார். கூட்டத்தில் சினந்து நிற்பவர் தனிமையில் காரணம் கேட்பர் என்பதும், எத்துணை முயன்றாலும் ஒரு சிலர் பிரிந்தே செல்வர் என்பதும் தலைமையின் முதல் நாளிலேயே ஸலாஹுத்தீனுக்குத் தெரிந்துவிட்டன. பொறுப்பேற்றவுடன் அவர் மதுவையும் வீண் பொழுதுபோக்கையும் துறந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் குறிப்பிடுகிறார். பிறரை ஆளுமுன் தம்மை ஆள முற்பட்டார் எனலாம்.

தந்தையின் கண்டிப்பு

1171-இல் ஃபாத்திமிய ஆட்சி முடிவுற்று, எகிப்தின் பள்ளிவாசல்களில் அப்பாஸிய கலீஃபாவின் பெயரால் குத்பா ஓதப்பட்டது. அதே ஆண்டில் ஸலாஹுத்தீனுக்கும் நூருத்தீனுக்கும் இடையே மனக்கசப்பு முளைத்தது. நூருத்தீன் படையுடன் எகிப்துக்கு வரக்கூடும் என்ற செய்தி பரவவே, ஸலாஹுத்தீன் ஆலோசனைக் கூட்டம் கூட்டினார். அனைவரும் மௌனமாயிருக்க, அவர் சகோதரரின் மைந்தரான இளைஞர் தகீயுத்தீன் துள்ளியெழுந்து, நூருத்தீன் வந்தால் எதிர்த்துப் போரிடுவோம் என்று முழங்கினார். உறவினர் சிலரும் அவருடன் சேர்ந்துகொண்டனர். முதியவரான அய்யூப் உடனே அவர்களைக் கடிந்தார். நூருத்தீனே தம் தலைவர் என்றும், அவர் ஆணையிட்டால் தாமே மகனுக்கு எதிராக வாளெடுப்பதாகவும் அவையறியக் கூறினார். கூட்டம் கலைந்தது.

பின்னர் மகனைத் தனியே அழைத்த அய்யூப், பலர் கூடிய அவையில் எண்ணத்தை வெளியிட்டால் அது மறுநாளே நூருத்தீனின் செவிக்குப் போய்ச் சேரும் என்பதை உணர்த்தினார். எகிப்தின் ஒரு கரும்பைக்கூட எளிதில் விட்டுக்கொடுக்கத் தாமும் விரும்பவில்லை என்பதையும் அப்போதுதான் வெளிப்படுத்தினார். அவர் கணித்தபடியே பணிவுச் செய்தி கேட்ட நூருத்தீன் படையெடுப்பைத் தள்ளிவைத்தார். உடன்பட்டோர் குரலால் நிரம்பிய அவையில் வேகமே உண்மைபோலத் தோன்றிவிடும். அப்போது எதிர்த்துப் பேச ஒருவர் இருப்பது தலைவருக்குக் கேடன்று, காப்பாகும். 1173-இல் அய்யூப் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அடுத்த ஆண்டு நூருத்தீனும் மறைந்தார். கண்டிக்கும் தந்தையும், கணக்குக் கேட்கும் மேலாளரும் இல்லாத நிலையில், 1174-இல் ஸலாஹுத்தீன் டமாஸ்கஸுக்குள் நுழைந்தார்.

பிறர் அவையிலிருந்து வந்த அறிஞர்

தந்தையின் இடத்தை நிரப்ப ஸலாஹுத்தீன் யாரைத் தேடினார் என்பதைப் பார்க்கும்போது வியப்பு மேலிடுகிறது. அவருக்கு மிக நெருக்கமாயிருந்த மூவருமே பிறருடைய அவையிலிருந்து வந்தவர்கள். காழீ அல்-பாழில், அவர் முடித்துவைத்த ஃபாத்திமிய ஆட்சியின் எழுத்தலுவலகத்தில் பணியாற்றியவர். செயலாளர் இமாதுத்தீன் அல்-இஸ்ஃபஹானீ, நூருத்தீனின் பணியில் இருந்தவர். இப்னு ஷத்தாதோ, நெடுங்காலம் ஸலாஹுத்தீனை எதிர்த்து நின்ற மோசுல் நகரத்தவர். அந்நகர அரசின் தூதராகவே முதலில் அவரிடம் வந்தவர். பழைய சார்பைக் காரணம் காட்டி இவருள் எவரையும் அவர் தள்ளவில்லை. அல்-பாழில் தம் கடிதங்களில் சுல்தானின் குறைகளை நேரே சுட்டுவார்; அதன்பொருட்டு அவர் மதிப்பு குன்றவில்லை.

திருவள்ளுவர், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஒருவரை அறிந்து தேர்வது ஒரு திறன். தேர்ந்தபின் அவருக்கேற்ற வினையை ஒப்படைப்பது வேறொரு திறன். ஸலாஹுத்தீன் இரண்டும் வல்லவராயிருந்தார். பகைவரோடு பேசித் தீர்க்க வேண்டியவற்றை அமைதியான தம்பி அல்-ஆதிலிடம் விட்டார். மின்னலெனத் தாக்க வேண்டிய களங்களைத் தகீயுத்தீனுக்கு அளித்தார். ஒருவரின் பணியை மற்றவரிடம் மாற்றிக் கொடுத்திருந்தால் இரண்டும் கெட்டிருக்கும்.

தோல்வியும் வெற்றியும்

அவரும் தவறு செய்தவரே. 1177 நவம்பரில் பெரும்படையுடன் பாலஸ்தீனத்துள் நுழைந்த அவர், எதிரியின் படை சிறியது என எண்ணி, தம் வீரர்களைப் பல திசைகளிலும் சிதற விட்டார். தொழுநோயால் வருந்திய இளைஞர் மன்னர் நான்காம் பால்ட்வின், எதிர்பாராத வேளையில் தாக்கினார். ஸலாஹுத்தீனின் படை நிலைகுலைந்தது; அவரே உயிர் தப்பியது அரிதாயிற்று. ஈஸா அல்-ஹக்காரீ சிறைப்பட்டார். பின்னர்ப் பெருந்தொகை கொடுத்து அவரை மீட்டார் சுல்தான். எண்ணிக்கையால் பெரிதாயினும், ஒழுங்கிழந்த கூட்டம் படையாகாது என்பதை அன்று அவர் கற்றார்.

பத்தாண்டுகளுக்குப் பின் அதே பாடம் எதிரணிக்குக் கிட்டியது. 1187 ஜூலைத் தொடக்கத்தில் ஸலாஹுத்தீன் திபேரியாஸ் நகரைத் தாக்கினார். நீர்வளம் மிக்க ஸஃப்பூரிய்யாவில் முகாமிட்டிருந்த சிலுவைப் படையினர் கூடி ஆராய்ந்தனர். திரிப்போலி கோமகன் ரேமண்டின் மனைவி அந்நகரக் கோட்டையில் முற்றுகைக்குள் இருந்தார். அவ்வாறிருந்தும், கோடை வெயிலில் நீரற்ற நிலத்தைக் கடந்து செல்வது அழிவாகும் என்று ரேமண்டே தடுத்தார். மன்னர் கை அதை ஏற்றார். ஆனால் நள்ளிரவில், டெம்ப்ளர் படைத்தலைவர் ஜெரார்ட் மன்னரைத் தனியே சந்தித்து, ரேமண்டின் நேர்மையை ஐயுறச் செய்தார். விடியலில் புறப்பாட்டு ஆணை பிறந்தது. கடைசியாகக் காதில் விழுந்த சொல்லுக்கு ஆட்படுபவரிடம் தலைமை இருந்ததால், நல்ல அறிவுரை இருந்தும் பயனின்றிப் போயிற்று. ஜூலை 4-ஆம் நாள் ஹித்தீன் மேட்டில், நாவறண்டு களைத்த அப்படை முற்றிலும் முறிந்தது.

சிறைப்பட்ட மன்னருக்கு ஸலாஹுத்தீன் குளிர்ந்த நீர் அளித்தார். ஒப்பந்தத்தை மீறி வணிகக் கூட்டத்தைத் தாக்கிய ரெனால்டைத் தம் கையாலேயே வெட்டினார். சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர்கள் அவர் ஆணையால் கொல்லப்பட்டனர். புகழ்பாடும்போது இதனை மறைத்தல் வரலாற்றுக்கு அறமாகாது.

அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பைத்துல் முகத்தஸ் அவரிடம் வந்தது. 1099-இல் அந்நகரைச் சிலுவைப் படையினர் கைப்பற்றியபோது நிகழ்ந்த படுகொலையை எவரும் மறந்திருக்கவில்லை. பழிவாங்கும் வெறி படையில் மூண்டிருத்தல் இயல்பு. ஆயினும் ஸலாஹுத்தீன், பேலியனுடன் பேசி உடன்பாடு கண்டார். ஆடவருக்குப் 10 தீனார், பெண்டிருக்கு 5 தீனார் என மீட்புத் தொகை வரையறுத்து, 40 நாள் தவணையும் அளித்தார். அல்-ஆதில், ஏழைகளுள் ஆயிரம் பேரைத் தமக்குத் தரும்படி கேட்டுப் பெற்று, அவர்களை விடுவித்தார். முதியோர் பலரைச் சுல்தானே விடுவித்தார். எனினும், பொருள் கொடுக்க இயலாத பல்லாயிரவர் அக்கால வழக்கப்படி அடிமைகளாயினர் என்பதையும் இமாதுத்தீனின் குறிப்புகளே தெரிவிக்கின்றன. அன்றைய உலகின் அளவுகோலில் அது பேரருள். முழுமையான அருளோ அன்று. ஆத்திரம் கொண்ட படையைக் கொலையிலிருந்து தடுத்து நிறுத்தியதே அவர் தலைமையின் உச்சமெனத் தோன்றுகிறது.

களைத்த படையும் பிரியும் மனங்களும்

வெற்றிக்குப் பின்னரே தலைமைக்குச் சோதனை தொடங்கியது. அக்காலப் படையமைப்பை அறிந்தால்தான் அதன் கடுமை விளங்கும். அமீர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. ‘இக்தா’ என்னும் முறையில் நிலங்களின் வருவாய் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் தத்தம் நிலத்தில் இருந்தால்தான் வருவாய் கைக்கு வரும். அதைக் கொண்டே அவர்கள் தம் வீரர்களைப் பேண வேண்டும். ஆகவே, மழைக்காலம் வந்தால் வீட்டு நினைவு எழுவது கோழைத்தனத்தால் அன்று. அவர்களின் வாழ்வமைப்பே அத்தகையது. 1187 இறுதியில் தூர் நகரின் முற்றுகை நீண்டபோது, களைத்த அமீர்கள் கலைந்து செல்ல விழைந்தனர். ஸலாஹுத்தீன் இணங்கி 1188 ஜனவரியில் முற்றுகையை விட்டார். சரணடைந்த பல ஊர்களின் வீரரை அந்நகருக்கே செல்ல விட்டதையும் சேர்த்து, வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் அவரைக் குறைகூறுகிறார். அக்குறை பொருத்தமானதே. அந்நகரிலிருந்து புறப்பட்ட படைதான் 1189-இல் அக்காவை முற்றுகையிட்டது.

ஏறத்தாழ இரண்டாண்டு நீடித்த அக்காப் போரில் சுல்தானின் படை தேய்ந்தது. உள்ளே இருந்த காவற்படைக்கு அமீர் அல்-மஷ்தூபும் கராகூஷும் தலைமை தாங்கினர். 1191 மார்ச்சில் தகீயுத்தீன் தமக்களிக்கப்பட்ட யூப்ரதீஸுக்கு அப்பாலுள்ள நிலங்களை ஏற்கச் சென்றார். சென்றவர் அங்கே தம் சொந்த வெற்றிகளில் இறங்கிவிட்டார். அவர் படையும் திரும்பவில்லை. எந்த வேகம் அவரை ஒப்பற்ற போர்வீரராக்கியதோ அதே வேகம், மிக வேண்டிய வேளையில் அவரைச் சுல்தானிடமிருந்து பிரித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் அங்கேயே இறந்தார். ஜூலை 12-ஆம் நாள் அக்கா வீழ்ந்தது. சிறைப்பட்டவருள் ஏறத்தாழ 2,700 பேரை இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் ஆகஸ்ட் 20-இல் கொல்வித்தார்.

அச்செயல், உயிரோடிருந்த வீரரின் உள்ளத்தையும் வெட்டியது. இனி ஒரு கோட்டைக்குள் அடைபட எவரும் உடன்படவில்லை. அஸ்கலானைக் காக்கச் சுல்தான் வேண்டியபோது, அவரோ அவர் மைந்தருள் ஒருவரோ உடன் நுழைந்தால் மட்டுமே தாங்கள் செல்வதாக அமீர்கள் கூறினர். வேறு வழியின்றி, அவ்வழகிய நகரை அவரே மனம் நொந்து இடிப்பித்தார். தம் அமீர்களின் அச்சத்தை அவர் துரோகம் என்று பெயரிடவில்லை. மீட்புத் தொகை கொடுத்து மீண்டுவந்த அல்-மஷ்தூபை, கோட்டையை இழந்தவர் என ஒதுக்காது, எழுந்து தழுவி வரவேற்றார்.

மௌனமான அவை

1192 ஜூலைத் தொடக்கத்தில் ரிச்சர்டின் படை பைத்துல் முகத்தஸை நெருங்கி, பைத் நூபாவில் நின்றது. நகருக்குள் ஸலாஹுத்தீன் அமீர்களைக் கூட்டினார். அவையில் ஆழ்ந்த மௌனம் நிலவியது. இப்னு ஷத்தாத் முதலில் பேசி அவர்களை ஊக்கினார். சுல்தான், மக்களின் உயிரும் உடைமையும் அவர்களையே நம்பியிருப்பதை எடுத்துரைத்தார். அப்போது மறுமொழி கூறியவர் அல்-மஷ்தூப். தம் உயிர் சுல்தானுக்கே உரியது என்றார். ஏனையோரும் ஒப்பினர். தோற்றுத் திரும்பிய நாளில் தழுவிக்கொள்ளப்பட்டவரே, அவை ஊமையான நாளில் வாய் திறந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் அன்றிரவே அமீர் அபுல் ஹைஜாவிடமிருந்து வேறொரு செய்தி வந்தது. அவையில் தலையசைத்தவர்கள் வெளியே வந்தபின் முணுமுணுத்தனர். அக்காவில் நேர்ந்ததே இங்கும் நேரும் என அவர்கள் அஞ்சினர். குர்தியர் துருக்கியருக்குப் பணியார், துருக்கியர் குர்தியருக்குப் பணியார். ஆகவே சுல்தானோ அவர் குடும்பத்தார் ஒருவரோ நகரினுள் இருந்தாக வேண்டும் என்பது அச்செய்தியின் சாரம். சுல்தான் அவ்விரவு உறங்கவில்லை. இப்னு ஷத்தாத் உடனிருந்தார். மறுநாள் ஜும்ஆவில், தொழுகை விரிப்பில் கண்ணீர் சிந்த அவர் இறைவனிடம் இறைஞ்சியதை அவ்வறிஞர் பதிவு செய்துள்ளார். எதிரணியிலும் பிளவு இருந்தது. சுற்றுவட்ட நீர்நிலைகளைச் சுல்தான் முன்னரே தூர்த்திருந்தார். நீரின்றி முற்றுகையிடுவது எங்ஙனம் என்னும் வழக்கில் அவர்கள் பிரிந்து, இறுதியில் பின்வாங்கினர். அந்நகர் காக்கப்பட்டது.

டமாஸ்கஸிலிருந்து வந்த பழங்கள்

அதற்கடுத்த நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு உயிர் எனலாம். ஜூலை இறுதியில் யாஃபா நகரைச் சுல்தானின் படை கைப்பற்றியது. வீரர்கள் எடுத்துவந்த பொருள்களை, வாயிலில் நின்ற சுல்தானின் மம்லூக்குகள் பறித்துக்கொண்டனர். இதனால் படையில் கசப்பு பரவியது. கடல்வழியே விரைந்து வந்த ரிச்சர்ட் நகரை மீட்டார். ஆகஸ்ட் 5-ஆம் நாள் ரிச்சர்ட் சிறுபடையுடன் வெளியே நின்றபோது, ஸலாஹுத்தீன் தாக்குமாறு ஆணையிட்டார். எவரும் அசையவில்லை, மைந்தர் அல்-ளாஹிர் மட்டுமே முன்வந்தார், அவரைத் தந்தை தடுத்துவிட்டார். அல்-மஷ்தூபின் சகோதரர் அல்-ஜனாஹ், யாஃபாவில் வீரரை அடித்துப் பொருளைப் பறித்த மம்லூக்குகளையே போருக்கு அனுப்பலாமே என்று நேருக்கு நேர் குத்திக் காட்டினார்.

படை காணத் தம் ஆணை மீறப்பட்டதைக் கண்ட சுல்தான், சொல்லின்றிக் குதிரையைத் திருப்பினார். அன்று சிலருக்கேனும் மரண தண்டனை உறுதி என அனைவரும் நடுங்கினர். தந்தையின் முன் செல்ல அல்-ளாஹிரும் அஞ்சினார். கூடாரத்திலோ, டமாஸ்கஸிலிருந்து அப்போதுதான் பழங்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றை உண்ண அமீர்களை அழைத்து வருமாறு சுல்தான் பணித்தார். அஞ்சி அஞ்சி வந்தவர்கள், அவர் முகத்தில் மலர்ச்சியைக் கண்டு மனம் தெளிந்தனர்.

இதனை வெறும் பொறுமை என்று மட்டும் கொள்ளலாகாது. அல்-ஜனாஹ் கூறியது கடுஞ்சொல்லாயினும், அதனுள் ஒரு நியாயம் இருந்தது. தம் சொந்த ஆட்கள் இழைத்த அநீதியே படையின் மனத்தை முறித்தது என்பதைச் சுல்தான் உணர்ந்திருக்க வேண்டும் என நாம் கருதுகிறோம். அன்று தண்டித்திருந்தால் ஒரு நாளைய கீழ்ப்படிதல் கிடைத்திருக்கும்; நான்காண்டுக்கு மேல் உடன் அலைந்தவரின் உள்ளம் கைவிட்டுப் போயிருக்கும். படையின் எல்லையை அறிந்தமையால், செப்டம்பர் 2-ஆம் நாள் மூன்றாண்டு உடன்படிக்கைக்கு அவர் இசைந்தார். தூர் முதல் யாஃபா வரையிலான கடற்கரை எதிரணியிடம் இருந்தது. பைத்துல் முகத்தஸ் முஸ்லிம்களிடம் இருந்தது. கிறித்தவ யாத்திரிகர் அங்கு வந்து செல்ல வழி திறந்தது.

மறைவும் மதிப்பீடும்

ஹஜ் செய்யும் விருப்பம் நிறைவேறாமலேயே, 1193 மார்ச் 4-ஆம் நாள் டமாஸ்கஸில் சுல்தான் மறைந்தார். எகிப்தும் சிரியாவும் ஆண்ட அவருடைய கருவூலத்தில் 47 வெள்ளி திர்ஹங்களும் ஒரு பொற்காசுமே இருந்தன. வீடோ நிலமோ அவர் விட்டுச் செல்லவில்லை. அவர் அனைத்தையும் வழங்கிவிடுவார் என அஞ்சிக் கருவூல அலுவலர் சிறிது பொருளை அவரறியாது ஒளித்து வைப்பது வழக்கம் என்றும் கூறுவர்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எகிப்து, டமாஸ்கஸ், அலெப்போ என நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட மைந்தர் விரைவிலேயே தம்முள் மோதினர். 1196-இல் மூத்தவர் அல்-அஃப்ளல் டமாஸ்கஸை இழந்தார். 1200-இல் அல்-ஆதிலே எகிப்தின் அரியணையில் அமர்ந்தார். ஸலாஹுத்தீன் தம் கொடையாலும் அன்பாலும் பொறையாலும் கட்டிய கூட்டம், அவர் கை தளர்ந்தவுடன் அவிழ்ந்தது. குர்தியரும் துருக்கியரும் ஒருவருக்கொருவர் பணிய மறுத்த அந்த ஜூலை இரவிலேயே இதற்கான அறிகுறி இருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. அவரை மட்டுமே நம்பினர். மனிதரைத் தம்மோடு பிணைக்க அறிந்த அவர், அவர்களைத் தமக்குள் பிணைக்கும் ஒழுங்கை நிறுவிச் செல்லவில்லை. இது நம் தாழ்மையான கருத்து.

மாணவராகிய நாம் இவ்வாழ்விலிருந்து பெறுவன இரண்டு. சினந்தவரையும் மௌனியையும் வேகக்காரரையும் குறை கூறுபவரையும் அவரவர் இயல்பறிந்து ஏற்றல் ஒன்று. நாம் இல்லாத நாளிலும் அவர்கள் கூடிப் பணியாற்ற வழி செய்து செல்லுதல் மற்றொன்று. முதலாவதில் சுல்தான் ஸலாஹுத்தீன் நமக்கு ஆசான். இரண்டாவதை, அவர் விட்டுச் சென்ற இடத்திலிருந்து நாமே கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த விழாக் குழு கூடும்போது, நம்மை எதிர்த்துப் பேசிய நண்பருக்கும் ஓர் இருக்கை இட்டு, முதல் தேநீரை அவர் கையில் கொடுத்துத் தொடங்குவோமாக!